கண்டற்காடும் காண்போர் கடனும்

கண்டல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய மரமன்று. நெய்தற்றிணைப் பாடல்களிலே புன்னை, தாழை, ஞாழல் ஆகியவற்றோடு கண்டலும் கழிக்கரையின் அடையாளமாக இடம்பெறுகின்றது. ஆயினும் அப்பாடல்களில் வரும் மாந்தர் கண்டலைக் காண்பதற்கென்று பயணம் போனவரல்லர். மீன் உணக்குவோரும், உப்பு விற்போரும், தேரொலிக்குச் செவி சாய்த்திருப்போரும் அங்கே வாழ்ந்தனர். கண்டல் அவர்தம் வாழ்க்கையின் பக்கத்தே நின்றது. பிற்காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறிற்றில்லை. சேறும், நுளம்பும், அழுகிய இலையின் நாற்றமும் மிகுந்த அவ்விடத்தை அழகிய இடமென்று சுட்டியோர் மிகச் சிலரே. விறகுக்கும், வேலிக் கம்புக்கும், வலைக்கும் பாய்க்கும் சாயமூட்டும் பட்டைக்கும் சென்றோர் தவிரப் பிறர் அதனுள் நுழைய விரும்பியதுமில்லை.

இன்று அச்சேற்றைக் காண்பதற்குப் பணங்கொடுத்து வருவோர் உளர். பலப்பிட்டியிற் கடலோடு கலக்கும் மாது கங்கையிலும், நீர்கொழும்பு, புத்தளம், பொத்துவில் ஆகிய இடங்களின் களப்புகளிலும் கண்டல்களின் ஊடே படகுச் சவாரி நிகழ்கின்றது. கரையோரப் பிரதேசங்களுக்கென வகுக்கப்படும் அபிவிருத்தித் திட்டங்களிலே 'சூழல்சார் உல்லாசப் பயணம்' என்ற தொடர் தவறாது காணப்படுகின்றது. காட்டை வெட்டுவதால் வரும் வருமானத்திலும் காட்டைக் காட்டுவதால் வரும் வருமானம் மிகுமாயின் காடு காப்பாற்றப்படும் என்பதே அத்தொடரின் பின்னுள்ள எண்ணம். பொருளியலாளர்க்கு இது தெளிவான கணக்கு. ஒழுக்கவியல் பயில்வோர்க்கோ இதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. ஒரு பொருளின் காட்சியை விற்று அப்பொருளைக் காக்க முனையும்போது, காக்கப்படுவது அப்பொருளா, அன்றி அதன் விலையா?

வினாவை ஆராயுமுன் காக்கப்பட வேண்டியது யாதெனச் சிறிது நோக்குதல் தகும். நிலத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட, வற்றுப்பெருக்கு நாளும் ஏறியிறங்கும் உவர்ச்சேற்றிலே வேறெந்தப் பெருமரமும் வேரூன்ற மாட்டாது. கண்டல் அங்கு நிற்பதற்குத் தன் உடலையே மாற்றிக்கொண்டுள்ளது. சில இனங்கள் தண்டிலிருந்து வளைந்திறங்கும் முட்டு வேர்களால் தாங்கி நிற்கின்றன. கண்ணா மரம் காற்றில்லாச் சேற்றினின்று விரல்கள் போன்ற மூச்சு வேர்களை மேலே நீட்டுகின்றது. சில இனங்களின் வித்து தாய்மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்டு, பின்னரே நீரில் வீழ்கின்றது. வேர்களின் இடுக்குகள் இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் நாற்றங்கால். நீரோட்டம் அள்ளிவரும் வண்டலை அவ்வேர்கள் பிடித்து நிறுத்துகின்றன. சேற்றினுள்ளே கரிமம் நெடுங்காலம் புதைந்து கிடக்கின்றது. களப்பிலே மீன் பிடித்துண்ணும் ஒருவன் கண்டலை ஒருபோதும் நோக்காதிருப்பினும் கண்டலாலேயே உண்கின்றான்.

இக்காட்டின் அழிவும் கணக்கொன்றினாலேயே நேர்ந்தது என்பது மறக்கத்தக்கதன்று. 1980களிலும் 1990களிலும் வடமேற்குக் கரையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட களப்போரங்களில், கண்டல் வெட்டப்பட்டு இறாற் பண்ணைகள் பெருகின. ஏற்றுமதி இறாலின் விலையோடு ஒப்பிடுகையிற் கண்டலின் விலை பூச்சியம் எனக் கொள்ளப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இறாலும் இன்றிக் கண்டலும் இன்றி வெட்டுண்ட குளங்கள் உப்புப் பூத்துக் கிடந்தன. கிழக்கிலே வேறொரு கணக்கு: போர்க்காலத்திற் பாதுகாப்பின் பொருட்டு வீதியோரக் கண்டல்கள் வெட்டி அகற்றப்பட்ட இடங்கள் மட்டக்களப்பிலே உண்டு.

இவ்வரலாற்றை அறிந்தவர் உல்லாசப் பயணத்தின் சார்பிற் கூறப்படும் வாதத்தை ஏளனஞ் செய்யமாட்டார். அவ்வாதத்தை அதன் வலிமை குன்றாது எடுத்துரைப்பதே நேர்மை. காட்டுக்குத் தன்னளவிலே பெறுமதி உண்டென்று நகரத்திலிருந்து ஒருவர் எழுதலாம். அக்கட்டுரையை வாசித்து அடுப்பெரிக்க இயலாது. விறகுக்குக் கண்டற் கிளையை முறிக்கும் பெண்ணிடம் 'இம்மரம் புனிதமானது' என்று கூறுவோர், அவளுக்கு மாற்று எரிபொருளுக்கான பணத்தைக் கொடுக்காதவிடத்து, தமது அறவுணர்வின் செலவை அவள் தலையிற் சுமத்துகின்றனர். அவளின் மகன் தோணி வலித்துப் பயணிகளுக்குக் காட்டைக் காட்டி ஒரு நாளிற் பெறும் கூலி, அவள் ஒரு வாரம் விறகு விற்றுப் பெறுவதிலும் மிகுமாயின், அக்குடும்பத்துக்கும் காட்டுக்கும் ஒருங்கே நன்மை விளைகின்றது. 1983இல் மெக்சிக்கோ நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹெக்டர் செபலோஸ்-லஸ்குறெய்ன் இவ்வகைப் பயணத்துக்குப் பெயர் சூட்டிய காலந்தொட்டு, இதன் ஆதரவாளர் உலகெங்கும் வற்புறுத்தி வருவது இக்கருத்தையே.

ஆயின் இவ்வாதத்தின் உறுதி எங்கே தங்கியுள்ளதென நோக்க வேண்டும். ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலொன்றிலே விலையுடையவற்றையும் மாண்புடையவற்றையும் வேறுபடுத்தினார். விலையுடைய ஒன்றின் இடத்தில் அதற்கு ஈடான பிறிதொன்றை வைக்கலாம்; மாண்புடையதற்கோ ஈடு இல்லை. கான்ற் மாண்பை அறிவுடைய உயிர்க்கே உரியதாக்கினார். மரத்துக்கு அவர் அதனை வழங்கியிருக்கமாட்டார். எனினும் வேறுபாடு இங்கே பயன்படும். கண்டலைக் காப்பதற்குக் காட்டப்படும் ஒரே காரணம் பயணிகளால் வரும் வருமானம் ஆயின், அதனிலும் கூடிய வருமானத்தைத் தரும் ஒன்று வருமளவுக்கே கண்டல் காக்கப்படும். படகுச் சவாரியிலும் நீச்சற் குளத்தோடு கூடிய விடுதி மிகுதியாகச் சம்பாதிக்கும். அவ்விடுதிக்காரர் கண்டலை வெட்ட முனைகையில் அவருக்கு எதிராகக் கூற யாதுளது? வருமானமே அளவுகோல் என முன்னரே ஒப்புக்கொண்டாயிற்றே! இறாற் பண்ணைக்காரரின் கணக்கும் சூழல்சார் பயணத் திட்டகாரரின் கணக்கும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை; விடைகள் மட்டுமே வேறு.

1973இல் அவுஸ்திரேலிய மெய்யியலாளர் றிச்சட் றவுட்லி ஒரு கற்பனையை முன்வைத்தார். உலகிலே எஞ்சியுள்ள இறுதி மனிதன், தான் சாகுமுன் எட்டியமட்டும் எல்லா உயிர்களையும் அழித்துவிட்டுச் செல்கின்றான். அவனுக்குப்பின் அவற்றாற் பயன்பெறவோ இழப்புறவோ மனிதர் எவருமிலர். அவன் செய்தது தவறா? தவறு என்று மனம் கூறுமாயின், மனிதப் பயன் ஒன்றே பெறுமதிக்கு மூலம் என்ற கொள்கையிற் குறையுண்டு என்பது அவரது முடிவு.

இலங்கையர் இக்கற்பனையின் சிறு வடிவம் ஒன்றை நேரிற் கண்டனர். 2018இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், அடுத்துவந்த கொள்ளைநோயும் அத்தொகையை வீழ்த்தின. 2021இல் வந்தோர் 2 இலட்சத்துக்கும் குறைவு. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே எரிவாயு கிடையாது மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினர். வருமானத்தின் மீது மட்டும் எழுப்பப்பட்ட காவல் இத்தகைய ஆண்டுகளில் எதன்மீது நிற்கும்? பயணியில்லாத ஆண்டிலே, விறகுத் தேவை மிக்க ஆண்டிலே, கண்டலின் விலை கணக்கின்படி மீண்டும் பூச்சியம். இறுதி மனிதனைப் பற்றிய வினா இங்கே இறுதிப் பயணியைப் பற்றிய வினாவாகின்றது: அவன் விமானமேறிச் சென்ற மறுநாட் காலை காட்டை வெட்டுதல் தவறா? தவறே எனின், அவன் வந்ததனால் மட்டும் காடு பெறுமதியுடையதாகவில்லை.

விலை வேறொரு வகையிலும் அறத்தைத் தொடுகின்றது. நீசி, ருஸ்ரிச்சினி என்னும் ஆய்வாளர் இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. இஸ்ரேலின் ஹைபா நகரக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளைகளைக் காலந்தாழ்த்தி அழைத்துச் செல்லும் பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை, கூடியது. ஆசிரியைகளைக் காக்கவைத்தல் தகாது என்ற கூச்சம் மறைந்து, பணங்கொடுத்துப் பெறும் சேவையாகத் தாமதம் மாறியது. தண்டம் நீக்கப்பட்ட பின்னரும் பழைய கூச்சம் திரும்பவில்லை. கண்டலின் திறத்திலும் இவ்வாறு நிகழக்கூடும் என அஞ்ச இடமுண்டு. 'இது எங்கள் களப்பு' என்பதனாற் கிளையை அளவறிந்து வெட்டியவன், 'இது பயணிக்காக வைக்கப்பட்டது' என்று கேட்டுப் பழகியபின், பயணி வராத பருவத்தில் எந்த அளவை நினைப்பான்?

நீர்கொழும்புக் களப்பின் பழைய வழக்கமொன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அங்கு மீனவர் கண்டற் கிளைகளை வெட்டி ஆழங்குறைந்த நீரிலே வட்டமாகக் குவித்து வைப்பர். மீன்கள் அக்குவியலைப் புகலிடமெனக் கொண்டு சேரும். சில வாரங்களின்பின் வலையால் வளைத்துக் கிளைகளை நீக்கிப் பிடிப்பர். கிளை ஆண்டுதோறும் தேவைப்படுவதால் களப்போரத்திலே கண்டலை நட்டு வளர்த்துப் பேணுவோரும் அவர்களுள் உண்டு. வெட்டுவோரே நடுவோராகவும் இருக்கின்றனர். இதே களப்பின் முகத்துவாரத்திலே கட்டுவலை போடும் இடங்களைச் சங்கத்தார் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்வதும் நெடுங்கால வழக்கம். இதனைக் கொண்டு மீனவர் யாவரும் இயற்கையின் காவலர் என்று முடிவு கட்டுதல் பேதைமை; கிளைக்குவியல் மிகுந்தால் களப்பு தூர்ந்து போகும் என்பதும் உண்மை. கவனிக்கத்தக்கது இதுதான்: பயன்படுத்தல் என்பது ஒரே தன்மையதன்று. கண்டலை நட்டு, வளரப் பொறுத்து, அளவறிந்து வெட்டும் ஒருவனுக்கு அம்மரத்தின் காலமும் குணமும் தெரிகின்றன. அரைமணிநேரம் படகிலே சென்று படமெடுத்து மீளும் ஒருவனுக்கு அவை தெரியவேண்டியதில்லை. முன்னவனின் வருமானம் அவனது அறிவோடு பிணைந்தது. பின்னவன் கொடுக்கும் பணத்துக்கு அத்தகைய பிணைப்பு இல்லை.

திட்டமிடுவோர் இப்பிணைப்பை உண்டாக்க முயலாது எண்களை நாடுகின்றனர். 'இவ்விடத்தின் தாங்குதிறன் நாளொன்றுக்கு இத்தனை பயணிகள்' என்ற கணிப்பு விஞ்ஞானத்தின் குரலிற் பேசுகின்றது. உண்மையில் எத்தொகை வந்தாலும் ஏதோவொரு மாற்றம் நிகழவே செய்யும்; எம்மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அதனை யார் பொறுப்பது என்பதே வினா. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் 1985இல் இதனை உணர்ந்து, 'ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை' என்று வினாவைத் திருத்தி அமைத்தனர். ஏற்கத்தக்கது எது என்பதை அளவுகருவி சொல்லாது. மாது கங்கை 2003இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அங்கே இயந்திரப் படகுகளின் விரைவால் எழும் அலை கரைச்சேற்றை அரிப்பதும், ஓசை பறவைகளைக் கலைப்பதும் பலரும் எடுத்துக்காட்டிய குறைகள். பொத்துவிலிலோ மீனவர் வலித்துச் செல்லும் தோணியிலே பயணிகள் கண்டலைக் காணும் முறை உண்டு. துடுப்பா இயந்திரமா என்பது பொறியியல் வினாவாகத் தோன்றினும் அதிலே அறம் அடங்கியுள்ளது. இயந்திரம் நாளொன்றுக்குக் கூடிய சவாரிகளைத் தரும். துடுப்பு கூடிய மனிதருக்கு வேலை தரும்.

இன்னுமொன்று, இதனிலும் கசப்பானது. பாதுகாப்பு வலயம் ஒன்று வரையப்படுகையில் அதற்குள் எவர் நுழையலாம், எவர் நுழையலாகாது என விதி எழுதப்படுகின்றது. நேற்றுவரை அங்கு நண்டு பொறுக்கிய பெண் 'அத்துமீறுபவள்' ஆகவும், நுழைவுச் சீட்டுப் பெற்ற வெளியூரார் 'சூழல் நேயர்' ஆகவும் அவ்விதியின் வழியே ஆகிவிடலாம். காட்டுக்கு இருவரின் காலடியும் ஒன்றே. கற்பிட்டிக் குடாநாட்டையடுத்த 14 தீவுகளை உள்ளடக்கி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வகுக்கப்பட்ட உல்லாசப் பயணத் திட்டத்துக்கு எதிராக மீனவர் அமைப்புகள் குரலெழுப்பியது கரையையும் வாடியையும் இழக்கும் அச்சத்தினாலாகும். பெயரளவிலே சூழலைக் காக்கும் திட்டமும் ஒருவரது வாழ்விடத்தை மற்றொருவரது ஓய்விடமாக மாற்றவல்லது. எஞ்சுகின்ற மீனவன் பயணிகளின் படக்கருவிக்காக வீச்சுவலையை மீன் இல்லாத நீரில் வீசிக் காட்டுவானாயின் கூலி கிடைக்கலாம். ஆனால் அவன் செய்வது தொழிலன்று, தொழிலின் நடிப்பு. அதனை இழிவென்று அவனிடம் கூறும் உரிமை, கூலியின்றி எழுதும் கட்டுரையாளருக்கு உண்டா என்பது வேறு விடயம்.

பயணிகளைக் கொண்டு கண்டற் கன்று நடுவிக்கும் வழக்கமும் இத்திட்டங்களிலே பரவலாகச் சேர்க்கப்படுகின்றது. 2004 ஆழிப்பேரலையின்பின் இந்நாட்டில் நடுகை முயற்சிகள் பெருகின. அவற்றை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, நடுகை முயலப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரையான பரப்பிலே ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே வெற்றி கண்டதெனக் கூறுகின்றது; ஆராயப்பட்ட 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில், பொருந்தாத இனத்தை, நீரோட்டத்தை நோக்காது நட்டமையும், நட்டபின் பேணாமையும் காரணங்களாயின. இவ்வெண்கள் வேளாண்மைத் தோல்வியை மட்டும் காட்டுவன அல்ல. கன்றை நட்டவர் மகிழ்ச்சியோடு வீடு சென்றார், கன்று இறந்தது. நற்செயலின் இன்பம் செய்தவனுக்கு உடனே கிடைத்துவிட்டமையால், அச்செயல் நன்மை செய்ததா என்று திரும்பிப் பார்க்கும் தேவை அவனுக்கு எழவில்லை. தானத்தைப் பற்றிப் பழையோர் ஐயுற்றதும் இதனையன்றோ?

இவ்வளவும் கூறியபின், காட்டைக் காட்டவே கூடாது என்று முடித்தல் எளிது. அது நியாயமாகாது. காண்பதற்கு வேறொரு தன்மையும் உண்டு. ஐரிஸ் மேர்டொக் 1970இல் வெளியிட்ட நூலிலே ஒரு சிறு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாக்குகின்றார். மனக்கசப்போடு யன்னலூடே நோக்கும் ஒருவர் வானில் அசைவின்றி மிதக்கும் வல்லூறு ஒன்றைக் காண்கின்றார். கணத்தில் அவரது கவலையும் தன்முனைப்பும் அகன்று வல்லூறு மட்டுமே உளதாகின்றது. கவலை திரும்ப வரும்போது அது முன்போற் பெரிதாகத் தோன்றுவதில்லை. இவ்வாறு பிறிதொன்றின் இருப்பை அதன்பொருட்டே நோக்குதல் ஒழுக்க வாழ்வின் பயிற்சி என்பது அவர் கொள்கை. களப்பிலே தோணி ஓசையின்றி நகர, வற்றுநீரில் வேர்களிடையே நண்டு சேற்றை வாரி உண்பதைக் கண்ட மாணவன் ஒருவனுக்கு இத்தகைய கணம் வாய்க்கலாம். வாய்த்தபின் அவன் இறாலுண்ணும் முறையும் வாக்களிக்கும் முறையும் மாறலாம். அக்கணத்தைச் சந்தைப் பொருள் என்று ஒதுக்குதல் முறையன்று.

எனினும் மேர்டொக்கின் வல்லூறு எவரும் அழையாமல் வந்தது. பணங்கொடுத்தவர் அழையாமல் வருவதை ஏற்பதில்லை. முதலை தோன்றவேண்டும், பறவை பறக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றார். அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றும் பொருட்டே சில இடங்களிற் பறவைகள் ஓசை எழுப்பிக் கிளப்பப்படுகின்றன, வாய் கட்டிய முதலைக்குட்டி படமெடுப்பதற்காகக் கைமாறுகின்றது. ஆதலின் ஒரு நல்ல திட்டம் பயணியிடம் முதலிற் சொல்லவேண்டியது, இன்று எதனையும் காணாமல் மீள நேரலாம் என்பதே. அச்சீட்டு விலைபோகுமா என்பது ஐயம். விலைபோகாவிடின் அவ்விடத்துக்குப் பயணிகள் தேவையில்லை எனத் துணியும் நெஞ்சுரம் திட்டமிடுவோருக்கு வேண்டும்.

வேறு சிலவும் இதனின்று பெறப்படும். காட்டின் சட்டக் காவல் பயணிகளின் வருகையோடு பிணைக்கப்படலாகாது. வருமானம் இல்லாத ஆண்டிலும் அக்காவல் அரசின் செலவில் நிற்றல் வேண்டும். வருமானம் மிக்க ஆண்டுகளில் அதன் ஒரு பகுதி, களப்போரக் குடும்பங்களின் வறண்ட ஆண்டுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். நண்டு பொறுக்குவோர் நுழையலாகாத இடத்தில் பயணியும் நுழையலாகாது. மீன் முட்டையிடும் மாதங்களிலே கால்வாய் இருவர்க்கும் ஒருங்கே மூடப்படலாம். அம்மாதங்களை மீனவரே நன்கறிவர். படகுகளின் தொகையைக் கொழும்பிலுள்ள அலுவலகத்தைவிடக் களப்பின் சங்கம் தீர்மானித்தலே பொருத்தம்.

இவ்விறுதிக் கூற்றிலே ஓர் இடர் உளது. தீர்மானிக்கும் உரிமை பெற்ற சங்கம் கூடி, பிள்ளைகளின் படிப்பையும் வீட்டுக் கடனையும் எண்ணி, துடுப்பை நீக்கி இயந்திரப் படகுகளை இருமடங்காக்கத் தீர்மானிக்குமாயின் யாது செய்வது? உரிமை அவர்க்கே என்று வாதிட்டவர், முடிவு தமக்கு உவப்பாகாதபோது அவ்வுரிமையை மீளப் பெறுவாராயின், அவர் தொடக்கத்தில் வழங்கியது உரிமையன்று. முடிவை ஏற்பாராயின் சேற்றில் முட்டையிடும் உயிர்கள் அக்கூட்டத்திலே வாக்கில்லாதவை என்பதையும் ஏற்கின்றார். மீனவர் சங்கத்தின் நிலையியற் குறிப்புகளில் இவ்விரண்டாவது தரப்புக்கு ஓர் இருக்கை வைப்பது எங்ஙனம் என்பதற்குத் திட்டநூல்கள் எதுவும் இன்னும் விடை எழுதவில்லை.